விமானக் கட்டணத்துக்கு வரம்பு கட்ட முடியாதா?

“விமானத்தில் போகிறவன் பணக்காரன். கட்டணம் ஏறினால் ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் என்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கிறார்கள். நஷ்டம் உண்டு என்கிறோம் நாம்! வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று கல்லும் மண்ணும் சுமக்கிறவன் யார் பிள்ளை? நம் பிள்ளை! ஊரில் தாய் கண்ணை மூடினாள் என்று செய்தி வந்தால், அவன் அன்றைக்கே டிக்கெட் வாங்கியாக வேண்டும். அந்த அவசரத்துக்குத்தான் கம்பெனிகள் விலை வைக்கின்றன.

கேட்டால் எண்ணெய், வரி, டாலர் வாடகை என்று அடுக்குகிறார்கள். இவையெல்லாம் செலவுதான், நாம் மறுக்கவில்லை. விமான எண்ணெய் பெரிய செலவு. அது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். பொங்கலுக்கு முதல் நாள் பறக்கும் விமானமும், பத்து நாள் கழித்துப் பறக்கும் விமானமும் குடிக்கிற எண்ணெய் ஒன்றுதானே? விமானி சம்பளம் ஒன்றுதானே? டிக்கெட் மட்டும் ஏன் பல மடங்கு? பண்டிகை நாளில் ஆம்னி பஸ் முதலாளி செய்வதையே இவர்களும் செய்கிறார்கள். இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்து, கூட்டம் சேரச் சேர மேல்படிக்கு ஏற்றுகிறார்கள். செலவு ஏறவில்லை, ஜனங்களின் தேவை ஏறியது, அவ்வளவே!

“போட்டி வந்தால் விலை இறங்கும்” என்றார்கள். 1953ல் தேசவுடைமையான தொழிலை 1994ல் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவையும் டாடாவிடம் ஒப்படைத்தார்கள். கண்ட பலன் என்ன? 2025ல் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் இண்டிகோ என்ற ஒரே கம்பெனியின் கையில்! இதுவா போட்டி?

ஏகபோகத்தின் லட்சணம் 2025 டிசம்பரில் வெளுத்தது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் விதி நவம்பர் 1ல் முழு அமலுக்கு வந்தது. முன்பே தெரிந்தும் இண்டிகோ போதிய விமானிகளை ஏற்பாடு செய்யவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து! மற்றக் கம்பெனிகளின் கட்டணம் எகிறியது. சர்க்கார் இண்டிகோவுக்கு அந்த விதியிலிருந்தே தற்காலிக விலக்குக் கொடுத்தது. முதலாளியின் கணக்குத் தப்பினால் தொழிலாளியின் ஓய்வில் கை வைப்பதா?

ஆனால் டிசம்பர் 6ல் அதே சர்க்கார் கட்டணத்துக்கு உச்சவரம்பும் விதித்தது. வரி, நிலையக் கட்டணம் நீங்கலாக, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,000 வரை 12,000. இது ஏழைக்கு எட்டும் தொகையல்ல. ஆயினும் ஒன்று நிரூபணமாயிற்று: சர்க்கார் நினைத்தால் வரம்பு கட்ட முடியும்!

“வரம்பு கட்டினால் கம்பெனிகள் நொடிக்கும்” என்று பூச்சாண்டி காட்டுவார்கள். 2012ல் கிங்பிஷரும் 2019ல் ஜெட் ஏர்வேஸும் வரம்பில்லாத காலத்தில்தானே நொடித்தன?

எனவே நாம் கோருகிறோம்:

தூரத்துக்கேற்ற உச்சவரம்பு நிரந்தரமாக வேண்டும். வளைகுடா மார்க்கங்களுக்கும் வேண்டும்.

எண்ணெய் வரியைக் குறைத்தால், அந்தக் குறைப்பு டிக்கெட்டில் தெரிய வேண்டும். கம்பெனியின் பையில் விழக்கூடாது.

விமானிகளின் ஓய்வில் கை வைக்கக்கூடாது.

விற்றுத் தீர்த்த பொதுத்துறைக்குப் பதிலாக, ஜனங்களுக்குக் கணக்குக் காட்டும் பொதுத்துறை விமானம் மீண்டும் பறக்க வேண்டும்!