அரை விநாடி தாமதத்தில் சிக்கிய சதி: எக்ஸ்இசட் டூலுக்குள் 'பின்கதவு' வந்தது எப்படி?

லாகின் பண்ண வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனால் என்ன செய்வோம்? "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் ஒரு இன்ஜினியர் அப்படி விட்டுவிடவில்லை. அதனால்தான் உலகம் முழுக்க உள்ள சர்வர்களின் கதவைத் திறக்கவிருந்த ஒரு சதி, 2024 மார்ச் மாதம் கடைசி நேரத்தில் சிக்கியது.

அந்தச் சதி ஒளிந்திருந்தது வங்கி ஆப்பிலோ, ராணுவ மென்பொருளிலோ இல்லை. சுருக்கி வைத்த கோப்புகளைப் பிரிக்கும் ஒரு சின்ன டூலில். பெயர் எக்ஸ்இசட். நடந்தது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

எக்ஸ்இசட் என்றால் என்ன?

ஊருக்குக் கிளம்பும்போது துணிகளை அமுக்கி ஒரே பெட்டியில் அடைப்போம் இல்லையா? கம்ப்யூட்டரிலும் அதேதான். பெரிய கோப்புகளைச் சுருக்கி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்துக்கொள்வார்கள். நமக்குப் பழக்கமான ஜிப் ஃபைல் இந்த வகைதான்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இந்த வேலையைச் செய்யும் டூல்களில் ஒன்று எக்ஸ்இசட். இதற்கு ஐகான், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் டைப் செய்தால் கோப்பு பிரிந்துவிடும். அவ்ளோதான். ஆனால் இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எக்ஸ்இசட் இருக்கும்.

சிக்கியது எப்படி?

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மைக்ரோசாஃப்ட் நிறுவன இன்ஜினியர். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை உருவாக்குபவர்களில் ஒருவர். அதன் வேகத்தைச் சோதிக்கும்போதுதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள், தேவையே இல்லாமல் பிராசஸரை அதிகம் பயன்படுத்தியது. 0.3 விநாடியில் முடிய வேண்டிய லாகின், 0.8 விநாடி எடுத்தது.

காரணத்தைத் தேடிப் போனவர், கடைசியில் எக்ஸ்இசட்டில் போய் நின்றார். மார்ச் 29 அன்று தான் கண்டதை வெளிப்படையாக அறிவித்தார். எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு வெர்ஷன்களிலும் 'பேக்டோர்' எனப்படும் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. சிவிஇ-2024-3094 என்று எண்ணிடப்பட்ட இந்தக் கோளாறுக்குத் தரப்பட்ட அபாய மதிப்பெண் 10-க்கு 10.

கோப்பு பிரிக்கும் டூலுக்கும் சர்வர் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் வகைகளில், எஸ்எஸ்ஹெச் மென்பொருள் சிஸ்டம்டி என்ற இன்னொரு மென்பொருளின் லைப்ரரியைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த லைப்ரரி, எக்ஸ்இசட்டின் லைப்ரரியைக் கூடவே அழைத்து வருகிறது. இந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் பின்கதவு எஸ்எஸ்ஹெச் வரை போனது.

அங்கே போய், உள்ளே வருபவரின் சாவியைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இதை வைத்தவர்களிடம் மட்டும் ஒரு ரகசியச் சாவி இருக்கும். அது இருந்தால் பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் அந்த சர்வரில் என்ன கமாண்ட் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

யார் கண்ணிலும் படாமல் ஒளித்தது எப்படி?

இதில்தான் சதிகாரர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. கோப்பு பிரிக்கும் டூல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே உடைந்த கோப்புகளையும் அதனுடன் வைத்திருப்பார்கள். உடைந்த கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தீய கோடை அந்தச் சோதனைக் கோப்புகளுக்குள்தான் சுருக்கி வைத்திருந்தார்கள்.

மென்பொருளை உருவாக்கும் நேரத்தில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, உடைந்த கோப்பைச் சரிசெய்து, எக்ஸ்இசட் டூலாலேயே அதைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே எடுக்கும். வீட்டுக்காரர் கத்தரிக்கோலை வைத்தே திருடன் பொட்டலத்தைப் பிரித்த கதை!

இந்த வேலையைத் தொடங்கிவைக்கும் வரி, எல்லோரும் பார்க்கும் பொதுக் கோடில் இல்லை. டவுன்லோடு செய்ய வெளியிட்ட பொட்டலத்தில் மட்டுமே இருந்தது. "ஓப்பன் சோர்ஸ்தானே, யாராவது பார்த்திருப்பார்கள்" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைந்தது.

யார் இந்த ஜியா டான்?

எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின். சம்பளம் கிடையாது, சொந்த நேரத்தில் செய்த வேலை. 2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். எல்லாமே ஒழுங்கான வேலை.

2022-ல் வேறு சில பெயர்களில் புகார்கள் கிளம்பின. "ஏன் இவ்வளவு தாமதம்? முடியலைன்னா வேறு ஆளிடம் கொடுங்க" என்ற தொனியில் கொலினுக்கு அழுத்தம் வந்தது. தனக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே பதிலில் எழுதினார். அதற்குப் பிறகும் அழுத்தம் நிற்கவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதுதான் நடந்தது. படிப்படியாக ஜியா டான் கைக்குப் பொறுப்பு போனது.

புகார் எழுதிய அந்தப் பெயர்களும் இதே திட்டத்தின் பகுதி என்றே பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இவ்வளவு பொறுமையாகச் செய்ததால், பின்னணியில் ஏதாவது ஒரு நாட்டின் அரசு இருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு.

2024 பிப்ரவரியில் 5.6.0 வெளியானது. புது வெர்ஷனைச் சீக்கிரம் சேருங்கள் என்று லினக்ஸ் வெளியீட்டாளர்களையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம்ம போனுக்கு ஆபத்தா?

இல்லை. குறிவைக்கப்பட்டது குறிப்பிட்ட வகை லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் மட்டுமே. அதிலும் ஃபெடோரா, டெபியன், ஓப்பன்சூசே, காளி ஆகியவற்றின் சோதனை நிலையில் உள்ள அல்லது அடிக்கடி புதுப்பிக்கப்படும் பதிப்புகளில்தான் அந்த வெர்ஷன்கள் நுழைந்திருந்தன. பெரும்பாலான சர்வர்கள் ஓடும் நிலையான பதிப்புகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழைய வெர்ஷனுக்குத் திரும்புங்கள் என்று அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா உடனே அறிவுறுத்தியது. கொலின் மீண்டும் பொறுப்பேற்று, பின்கதவு நீக்கப்பட்ட 5.6.2 வெர்ஷனை மே மாதம் வெளியிட்டார்.

ஆனால் இன்னும் சில மாதங்கள் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால்? நாம் பணம் அனுப்பும், டிக்கெட் புக் பண்ணும், மருத்துவ ரிப்போர்ட் பார்க்கும் சேவைகளும் எங்கேயோ ஒரு லினக்ஸ் சர்வரில்தான் ஓடுகின்றன.

இதில் கற்க வேண்டியது என்ன?

இது முதல் எச்சரிக்கை இல்லை. 2014-ல் 'ஹார்ட்பிளீட்' கோளாறு வெளியானபோதும் இதே கதைதான். இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு, ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஆனால் ஹார்ட்பிளீட் தெரியாமல் நடந்த பிழை. எக்ஸ்இசட்டில் நடந்தது திட்டமிட்ட ஊடுருவல். கோடில் ஓட்டை தேடவில்லை. களைத்துப்போன ஒரு மனிதரைத் தேடிப் பிடித்தார்கள். பிற திட்டங்களிலும் இதே பாணியில் பொறுப்பைக் கேட்டு சந்தேகத்துக்குரிய மெயில்கள் வந்ததாக 2024 ஏப்ரலில் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளை எச்சரித்தது.

கொலினைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் உருவாக்கியதை இலவசமாக எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் எத்தனை பேர், "உங்களுக்கு ஆள் வேணுமா? சம்பளம் தரட்டுமா?" என்று கேட்டார்கள்? யாரும் கேட்காத இடத்தில்தான் ஜியா டான் "நான் உதவி பண்றேன்" என்று வந்து நின்றார். அடுத்த முறையும் அரை விநாடியைக் கவனிக்க ஒரு ஃபிராய்ண்ட் இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.