முப்பதாயிரம் ரூபாய்க்காக வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள்

திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது நான் எத்தனையோ டி.சி.யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டும் இன்றும் உறுத்துகிறது.

பத்தாவது தேறிய பெண். அந்த வருடம் மழை இல்லை, மிளகாய் கருகிவிட்டது. அவள் அப்பா வந்து நின்றார். "மூணு வருசம் மில்லு ஆஸ்டல்ல இருந்து வேலை பார்த்தா, முடிச்சு வரயில மொத்தமா முப்பதாயிரம் தருவாகளாம் சார். தாலிக்குத் தங்கம் ஆச்சு." பதினொன்றாம் வகுப்பில் சேருங்கள் என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை.

இரண்டே முக்கால் வருடத்தில் இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். நைட் ஷிப்டில் கண் அசந்தால் சூப்பர்வைசர் கை நீட்டுவாராம். வீட்டுக்குப் போன் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்பாராம். மூன்று வருடம் முடிக்காததால் முப்பதாயிரமும் இல்லை என்றுவிட்டார்கள்.

இதற்குத்தான் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அடியை ஏன் பொறுத்தார்கள்? கோழைகள் என்பதாலா? இல்லை. பேசினால் அந்தப் பணம் போய்விடும். பிடித்து வைத்த பணம்தான் பூட்டு.

சம்பளத்தை மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1936-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் நம் தமிழ்நாட்டிலேயே சட்டம் வந்தது. மில்காரர்கள் இரண்டே வார்த்தையில் தப்பினார்கள். சம்பளத்துக்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர். தொழிலாளிக்கு 'பயிற்சியாளர்' என்று பெயர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் புகாருக்கு உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் வருடச் சட்டம். பணம் முதலாளி கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை புகார் எழுதும்?

மில் இல்லாவிட்டால் இந்த வானம் பார்த்த பூமியில் பிழைப்பு ஏது என்பார்கள். மில்லை மூடச் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் நிரந்தர மில் வேலையும் தீபாவளி போனசும் எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின என்பது உங்களுக்கே தெரியும். அந்த நிரந்தரத்தைத்தான் கேட்கிறேன்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஆய்வாளர் 'வசதி செய்து தருபவர்' ஆகவும் இருக்கிறார். ஊதியத் தொகுப்பின்படி முதல் தவறுக்கு, வழக்குப் போடுமுன் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். முதலாளிக்கு அவகாசம் உண்டு, பிள்ளைக்கு?

ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் திருத்தம் செய்தது நம் சட்டமன்றம்தான். இதையும் செய்யட்டும். எந்தப் பெயரில் கொடுத்தாலும் அது சம்பளமே, பாதியில் நின்றாலும் வேலை பார்த்த நாளுக்கான பங்கு அவளுக்கே, பிடித்து வைத்தால் அவகாசமில்லாமல் வழக்கு என்று எழுதட்டும்.

உங்கள் தெருவுக்குத் தரகர் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "மாசாமாசம் முழுச் சம்பளமும் பிள்ளை கைக்கு வருமா?" நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி அது.