ஓசியில கொடுத்தும் வேணாமாம்!

பத்து லட்சம் பொருளை ஒருத்தர் ஓசியில நீட்டினா என்ன செய்வீங்க? லாரியோட போய் நிப்பீங்கதானே? ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, '1,60,000 போதும் சாமி'னு நகர்ந்துடுச்சு!

கொடுத்தது ஏ.எம்.டி. பொருள், புராசஸர் சிப். 2009-ல் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டப்ப ஐரோப்பிய கமிஷன் சொன்ன தகவல் இது.

சிப் டப்பாவா? அதான் இல்லை. 2003-ல் வந்த ஏ.எம்.டி.யின் ஆப்டெரான், பழைய 32-பிட் புரோகிராமையும் ஓட்டும், 64-பிட்டையும் ஓட்டும். அடுத்த வருஷமே இன்டெலும் அதே ரூட்டுக்கு வந்தது.

அப்புறம் ஏன் வேணாம்? மேட்டர், 'ரிபேட்'ல இருக்கு. சும்மா ஒரு கணக்கு போடுவோம். உங்களுக்கு 100 சிப் வேணும். ஒண்ணு 100 டாலர். 95-க்கு மேல இன்டெல்கிட்ட வாங்கினா, மொத்த பில்லில் 15 சதவிகிதம் தள்ளுபடி. நூறையும் அங்கேயே வாங்கினா 8,500 டாலர். ஏ.எம்.டி. 10 சிப்பை ஓசியில தருது, மீதி 90-ஐ இன்டெல்கிட்ட வாங்குறீங்க. தள்ளுபடி கட்! பில் 9,000. ஓசி சிப்பால 500 டாலர் நஷ்டம்!

சரி, நூறையும் ஏ.எம்.டி.கிட்டயே வாங்கலாமே? அவ்வளவு சிப் சப்ளை பண்ற அளவுக்கு அப்போ அவங்க ஃபேக்டரி பெருசா இருக்கலை பாஸ்.

டெல் கதை இன்னும் காரம். 2006 வரை இன்டெல் சிப் மட்டும்தான். அந்த விசுவாசத்துக்கு இன்டெல் கொடுத்த பணம், 2003 நிதியாண்டில் டெல்லின் ஆப்பரேட்டிங் லாபத்தில் 10 சதவிகிதம். 2006-ன் ஒரு காலாண்டில் 76 சதவிகிதம்! இதை முதலீட்டாளர்கள்கிட்ட மறைச்சதா அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட, 2010-ல் குற்றத்தை ஒப்புக்காம, மறுக்காம 10 கோடி டாலர் கட்டி முடிச்சது டெல்.

கிளைமாக்ஸ்ல ட்விஸ்ட். 'கமிஷன் போட்ட ரிபேட் கணக்கு சரியில்லை'ன்னு 2022-ல் ஐரோப்பிய கோர்ட் அபராதத்தை ரத்து பண்ணுச்சு. 2024-ல் மேல்கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. ஆனா, ஏ.எம்.டி. சிப் போட்ட மாடல்களைத் தள்ளிப்போடச் சொல்லிப் பணம் கொடுத்ததுக்காக, 2023-ல் தனியா 37.6 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

எட்டாயிரத்து எண்பத்தஞ்சுக்கு பின் டயகிராம் போட்டு மார்க் வாங்குறோம், சரி. எந்த சிப் உங்க டேபிளுக்கு வரணும்னு முடிவு பண்ற பேப்பர் வேற. அது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்ல நடக்குது!