சாப்பிடுகிறவன் கட்சி யார்?

உணவுக்கு ஒரு சட்டம். அதைப் படிக்கச் சில மாணவர்கள். அவர்களுக்கு நாடு தாண்டி ஒரு சங்கம். 'அட போங்க சார், சாப்பாட்டுக்கு எதுக்குச் சங்கம்?' என்றுதானே கேட்கிறீர்கள்?

வீட்டில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 322, 503 என்று எண்கள் இருக்கும். அந்த எண் வரிசையை வகுத்தது கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணையம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1963-ல் அமைத்தது. இந்தியா உட்பட 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு, உணவு வியாபாரத் தகராறுகளுக்கு இதன் தரநிர்ணயம்தான் அளவுகோல்.

அதே 1995-ல், மாட்டுக்குப் போடும் வளர்ச்சி ஹார்மோன்களை அனுமதிக்கலாமா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 33. எதிர்ப்பு 29. ஏழு பேர் நடுநிலை. நாலே ஓட்டில் முடிந்த விஷயம். அந்த ஹார்மோன் இறைச்சிக்கு ஏற்கெனவே தடை போட்டிருந்த ஐரோப்பா, அமெரிக்காவும் கனடாவும் போட்ட வழக்கில் 1998-ல் தோற்றது. அப்படியும் தடையை விலக்கவில்லை. 1999-ல் ஆண்டுக்குச் சுமார் 11 கோடியே 68 லட்சம் டாலர் பெறுமான ஐரோப்பியச் சரக்குகள் மீது அமெரிக்கா நூறு சதவிகித வரி போட்டது.

ஹார்மோன் நல்லதா கெட்டதா என்பது தனி வழக்கு. இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வரும் அரசுக் குழுக்களிலேயே கம்பெனி ஆட்களும் இருப்பார்கள். சாப்பிடுகிறவனுக்காக அங்கே யார் பேசுவது?

அதற்குத்தான் சங்கம். லெட்டர்பேடு அடித்து, மாநாடு போட்டு, சர்டிபிகேட் கொடுக்கும் சங்கம் என்றால் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அது நிறையவே இருக்கிறது.

இங்கே 2006 சட்டத்தின் கீழ் புது விதி வரும்போது, முதலில் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். கம்பெனி வக்கீல் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார். நீங்களும் நானும்? அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அந்த வரைவைப் படித்து, நமக்குப் புரிகிற தமிழில் சொல்லி, ஆட்சேபத்தை எழுதி அனுப்புவதுதான் சங்கத்தின் முதல் வேலை. வேறு நாட்டில் இதே விதி எப்படி இருக்கிறது என்று அங்குள்ள மாணவரைக் கேட்டு ஒப்பிட்டுச் சொல்வது இரண்டாவது வேலை. நாடு தாண்டிய சங்கம் என்பதற்கு அர்த்தமே அதுதான்.

எல்லை? ஏற்றுமதியும் லேபிளும் மட்டும் உணவுச் சட்டம் ஆகாது. ரேஷன் அரிசியும் சத்துணவும் 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிற உரிமைகள். பசியை வெளியே நிறுத்திவிட்டு உணவுச் சட்டம் பேசுவது அநியாயம்.

இன்னொன்று. உணவுக் கம்பெனியிடம் ஒரு ரூபாய்கூட ஸ்பான்சர் வாங்கக் கூடாது. படிப்பு முடிந்ததும் இவர்களில் பலர் அதே கம்பெனிகளுக்கு வக்கீலாகத்தான் போகப் போகிறார்கள். போகட்டும், பிழைப்பு. மாணவனாக இருக்கிற அந்த ஐந்து வருஷமாவது நம் கட்சிக்கு வாதாடட்டுமே!