சிஸ்டர் பெனடிக்டிடம் மறைத்தது

லியோ மக்கேரி இயக்கி 1945 டிசம்பரில் வெளிவந்த 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரீஸ்' இன்றும் கிறிஸ்துமஸ் காலத்துப் படமாகவே பார்க்கப்படுகிறது. கதையில் கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கும் இடமோ சிறியது: முதல் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஜோடித்துப் போடும் இயேசு பிறப்பு நாடகமும், அதில் பாலனுக்கு அவர்கள் பாடும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். பழுதடைந்த கத்தோலிக்கப் பள்ளிக்குப் பக்கத்தில் போகார்டஸ் என்ற பணக்காரர் கட்டும் புதுக் கட்டடம், அருட்சகோதரிகள் ஜெபித்தபடியே பள்ளிக்கு வந்து சேர்வதைத்தான் பலரும் மனம் உருகிச் சொல்வார்கள். படத்தின் உயிர் அங்கே இல்லை. தன்னைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கு இருக்கும் உரிமையில்தான் அது இருக்கிறது.

இங்க்ரிட் பெர்க்மன் நடித்த சிஸ்டர் பெனடிக்ட் வெறும் சாந்த சொரூபி அல்ல. அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காதே என்று எடி என்ற மாணவனுக்குக் கற்பித்தவர், அது பையனுக்கு உதவவில்லை என்று கண்டதும் குத்துச்சண்டைப் புத்தகம் வாங்கிப் படிக்கிறார். துறவற அங்கியோடு கால் மாற்றி மாற்றி வைத்து, முஷ்டியை உயர்த்தி அவனுக்குச் சொல்லித்தருகிறார். அவன் கையால் ஒரு குத்தும் வாங்கிக்கொள்கிறார். பாட்சி என்ற மாணவி தேர்வில் தோற்றபோது, அவளைத் தேர்ச்சி பெறச் செய்யலாமே என்கிறார் பங்குத்தந்தை ஓமாலியாக வரும் பிங் கிராஸ்பி. சிஸ்டர் இணங்குவதில்லை. யோசித்துத் தன் முடிவை மாற்றவும், யோசித்து அதில் உறுதியாக நிற்கவும் தெரிந்தவர் அவர்.

அப்படிப்பட்டவருக்குக் காசநோய் வந்ததும், அதை அவரிடம் சொல்லாமல் வேறிடத்துக்கு அனுப்பச் சொல்கிறார் மருத்துவர். ஓமாலியும் ஒப்புக்கொள்கிறார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டிருந்தாலும் பரவலான சிகிச்சைக்கு வராத காலம் அது. நோயை மறைப்பது அன்றைய வழக்கம்தானே என்று கேட்கலாம். வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கம் என்ன செய்கிறது என்பதைப் படம் மழுப்பாமல் காட்டுகிறது. பாதிரியாரோடு ஏற்பட்ட பிணக்குதான் தன்னைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுகிறது என்று நம்பி, நெஞ்சில் கசப்பு தங்காதிருக்க வேண்டும் என்று சிற்றாலயத்தில் மன்றாடுகிறார் சிஸ்டர். உடலைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு மனதைப் புண்ணாக்கிவிட்டது.

கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர் காரணம் கேட்கலாமா, சொல்வதா வேண்டாமா என்று கடைசியிலும் ஓர் ஆண்தானே தீர்மானிக்கிறார் என்ற இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவதற்குப் படத்திலேயே பதில் இருக்கிறது: போகச் சொன்னதும் அவர் கிளம்பிவிடுகிறார், வாக்கு கேட்பது அவ்வளவுதான்; காரணம் தெரியாமல் வேக வேண்டும் என்று எந்த வாக்கும் கேட்பதில்லை. இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த ஆண், ஓமாலி, தன் தவற்றைத் திருத்திக்கொண்டு உண்மையைச் சொன்ன பிறகுதான் கதை முடிய முடிகிறது. காசநோய் என்று கேட்டதும் பெர்க்மனின் முகம் மலர்வதைச் சிலர் மிகையான பக்தி என்பார்கள். அவர் மகிழ்வது நோய்க்காக அல்ல, தன் பணியில் குறை காணப்படவில்லை என்று தெரிந்ததற்காக. மருத்துவர் மறைக்கச் சொன்னபோது அந்தச் செய்தியும் சேர்ந்தே மறைந்திருந்தது.