கேளாமல் செய்த வேலைக்குக் கூலி

நானுஓயாவில் கார் வைத்திருப்பவனைச் செல்வந்தன் என்று எண்ணுகிறவர்கள் எங்கள் ஊரை அறியாதவர்கள். 1885ஆம் ஆண்டில் இம்மலைக்கு ஏறி வந்த புகையிரதம் இன்றளவும் எங்களுக்குப் பெருமையாக இருந்தபோதிலும், நடுச்சாமத்தில் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்க அது வருவதில்லை. அந்த வேளையில் லயத்து வாசலில் வந்து நிற்பது யாரோ ஒருவருடைய முச்சக்கர வண்டி, அல்லது மரக்கறி ஏற்றும் ஒருவருடைய சிறு லொறி, அல்லது என்னைப்போன்ற ஓர் ஆசிரியன் வங்கிக் கடனெடுத்து வாங்கி இன்னும் அடைத்து முடிக்காத பழைய கார். ஒருவன் பெயரில் பதிவாகி, ஒரு டிவிஷன் முழுவதற்கும் உழைக்கும் வாகனங்கள் அவை. ஆகையால் அவற்றைப் பழுதுபார்க்கும் செலவைப்பற்றி நான் எழுதுவது என் சொந்தப் பையின் குறை மாத்திரமன்று என்பதை வாசகர்கள் முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்ததும், வண்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடன், எண்பது கிலோமீற்றர் மலையிறங்கி, அந்த ரகக் கார்களுக்கென்றே அமைந்த முகவர் நிறுவனம் ஒன்றின் வேலைத்தலத்துக்குச் சென்றேன். வரவேற்பு அறையில் குளிர்சாதனமும் தேநீரும் மெத்தை நாற்காலியும் இருந்தன. வேலை நடக்கும் இடத்துக்கும் எனக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவரும் இருந்தது. “ஃபுல் சர்விஸ்தானே சேர்?” என்று அங்கிருந்த இளைஞர் மரியாதையாகக் கேட்டார், ஆம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த கிரயம் மாலையில் தெரிந்தது. 66,000 ரூபாய், அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் பெறுமதி சேர் வரி 11,880 ரூபாய், ஆக 77,880 ரூபாய். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென 2024இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தைக்கொண்டு கணக்கிட்டால், கொழுந்து பறிக்கும் ஒரு பெண் ஏறக்குறைய 58 நாள் மலையேறி உழைக்கும் கூலி அது.

தொகையைக் கண்டு திகைத்தேனாயினும், என்னை உண்மையில் வருத்தியது தொகையன்று. எஞ்சின் ஒயில், ஒயில் ஃபில்டர், காற்று ஃபில்டர் ஆகிய மூன்றும் நான் கேட்டவை. அவற்றில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவற்றுக்குக் கீழே, எஞ்சினை உள்ளே கழுவியதற்கு ஒரு தொகையும், த்ரொட்டில் துப்புரவுக்கு ஒரு தொகையும், ஏ.சி.யைக் கிருமிநீக்கம் செய்ததற்கு ஒரு தொகையும் வரிசையாக நின்றன. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுடுநீர்த் துணியால் துடைத்துவிட்டுப் பாடசாலைக்குப் புறப்படுகிற எனக்கு ஏ.சி. எதற்கு? அந்தப் பொத்தானை அழுத்தி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுகூட என் நினைவில் இல்லை. கடைசியாக, முன்சக்கரங்களின் பிரேக் பேட் மாற்றியதாக ஒரு வரி இருந்தது. கழற்றிய பழைய பேட்டைக் காட்டும்படி கேட்டேன். “அதெல்லாம் வீசியாச்சு சேர்” என்றார் அதே இளைஞர், அதே மரியாதையுடன். அது தேய்ந்திருந்ததா, இன்னும் பதினாயிரம் கிலோமீற்றருக்கு உழைத்திருக்குமா என்பதை இனி இவ்வுலகில் எவராலும் சொல்ல முடியாது.

ஒரு தரப்பை மாத்திரம் கூறிவிட்டுப் போவது தர்மமாகாது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாயைக் கடந்தபோது, ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வரும் ஒவ்வோர் உதிரிப்பாகத்தின் விலையும் அதனோடு சேர்ந்து ஏறிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரையில் தனியார் கார்களுக்குத் திறக்கப்படாமலே இருந்தமையால், வழக்கமாக விற்றுவிட்டிருக்கக்கூடிய வயதான வண்டிகளையே ஜனங்கள் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்ட நேர்ந்தது. பழைய வண்டிக்குச் செலவு அதிகம் என்பது யாவரும் அறிந்ததே. முகவர் நிறுவனங்களில் பயிற்சி பெற்ற தொழிலாளர்களும் தக்க யந்திரங்களும் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது விலைக்குறைப்பன்று. என் வண்டியில் கைவைக்குமுன் என் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பதுதான்.

சம்மதம் கேட்கப்படாமற் போவதற்கு எங்கள் அறியாமை பெரிய வசதியாக இருந்துவருகிறது. இந்நாட்டில் ஓடும் ஜப்பானியக் கார்களிற் பெரும்பகுதி ‘ரீகண்டிஷன்’ என்று நாம் சொல்லும் பாவித்த வாகனங்களாகவே வந்தவை. அவற்றின் முன்பெட்டியில் இருக்கும் கைநூல், இருந்தாற்கூட, ஜப்பானிய எழுத்தில் இருக்கிறது. எதை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதி வைத்த விதி நம் கையிலேயே இருந்தும் நம்மால் வாசிக்க முடியவில்லை. அதனால், கதவோரத்தில் ஒட்டப்படும் சிறு அட்டையில் கராஜ்காரர் எழுதுகிற இலக்கமே நமக்கு வேதமாகிவிடுகிறது. ஒரு லட்சம் கிலோமீற்றர் வரையில் உழைக்கக்கூடிய இரிடியம் ஸ்பார்க் பிளக்கை நாற்பதாயிரத்திலேயே மாற்றிக்கொண்டு, நல்ல காரியம் செய்துவிட்டதாகத் திருப்தியடைந்த நண்பர்களை நான் அறிவேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்ல என் மனச்சாட்சி இடங்கொடாது. ஏமாற்றப்பட்ட கோபத்தில், இனி எதையும் மலிவாகவே முடிப்பது என்று ஒருவர் தீர்மானிப்பாராயின், அவர் மலைநாட்டுப் பாதைகளை மறந்துவிட்டார் என்றே பொருள். நானுஓயாவிலிருந்து ரதல்லை குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 உயிர்கள் போயின. அன்று முதல் எங்கள் ஊரில் பிரேக் என்ற சொல்லை எவரும் இலேசாக உச்சரிப்பதில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஏறிய ஒயில், நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வரும்போது எழும் வெப்பத்தில் கொதித்து, குமிழியாகி, மிதி வெறுமையாக உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள். எங்கள் ஊர் ஏ.சி.யின் கிருமிகளைப்பற்றிக் கவலைப்பட்ட அந்த நீண்ட பற்றுச்சீட்டில், பிரேக் ஒயிலைப்பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டு எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்தில் தகரக் கொட்டகையொன்றில் கராஜ் நடத்தும் ஒரு பாஸ். பின்சக்கரத்தைக் கழற்றி, லைனரை என் உள்ளங்கையில் வைத்து, “பாருங்க மாஸ்டர், இன்னும் பாதி இருக்கு, இப்ப மாத்தத் தேவையில்ல, ஆனா ஒயில் கறுத்துப் போச்சு, இத விட்டுட்டு ரம்பொடைப் பக்கம் இறங்கிறாதீங்க” என்றார். அந்த லைனரின் சொரசொரப்பை என் விரல் உணர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, என் பணம் எதற்குப் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆயினும், டாஷ்போர்டில் எரியும் ஒரு மஞ்சள் விளக்கின் காரணத்தை அறிய அவரால் இயலவில்லை. அதற்குரிய ஸ்கேனரும் மென்பொருளும் அவர் வாங்கத்தக்க விலையில் இல்லை. சில, எவ்விலைக்கும் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. நாணயமுள்ள தொழிலாளி ஒருவர் இருக்கும் இடத்தில் கருவி இல்லை. கருவி இருக்கும் இடத்தில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது.

இந்தச் சுவரை அரசாங்கம் நினைத்தால் அசைக்கலாம் என்பதற்கு அயல்நாட்டில் உதாரணம் உண்டு. சாதாரண வாகனப் பாவனையாளர் ஒருவர் 2011இல் செய்த முறைப்பாட்டின்பேரில், இந்தியாவின் போட்டி ஆணையம் மூன்று கார் நிறுவனங்களில் தொடங்கிய விசாரணையை மற்ற நிறுவனங்களுக்கும் விரித்து, 2014 ஆகஸ்ட் 25ஆம் திகதி 14 நிறுவனங்களுக்கு 2,544 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கைநூல்களையும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்து, வாகனம் வாங்கியவரைத் தங்கள் வேலைத்தலத்துக்கே வந்தாகவேண்டிய நிர்ப்பந்தத்தில் வைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டின் சாரம். நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்குச் சென்றன. எனினும், பாகங்களும் கருவிகளும் வெளியார்க்கும் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை ஒரு பெரிய நாட்டின் அதிகாரபூர்வமான உத்தரவில் எழுத்தில் ஏறிவிட்டது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் வாக்காளர்கள் தாங்களே வாக்களித்து இதை ஒத்த உரிமையைப் பெற்றார்கள்.

நமக்குச் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், போட்டிக்கு விரோதமான நடைமுறைகளை விசாரிக்கும் அதிகாரத்தை அச்சபைக்கு அளிக்கிறது. காசு வாங்கிச் செய்யும் எந்தச் சேவையும் தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும் என்ற உத்தரவாதம் அதில் அடங்கியிருப்பதாகவும் கொள்கிறது. அரிசி விலையையும் சீனி விலையையும் கவனிக்கும் அந்தச் சபை, மூன்று காரியங்களை வாகன வேலைத்தலங்களுக்குக் கட்டாயமாக்கினால் போதும்: வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கொடுத்துக் கையொப்பம் வாங்குதல், அதற்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் தொலைபேசியிலாவது சம்மதம் கேட்டல், கழற்றிய பாகங்களைப் பையிலிட்டு உரிமையாளரிடமே ஒப்படைத்தல். இவற்றுக்கு ஒரு சதம் செலவில்லை. வெளிக் கராஜ்களுக்குக் கருவிகள் கிடைக்கச் செய்வது பெரிய வேலைதான். அதை இந்தியாவின் உத்தரவை முன்னால் வைத்துக்கொண்டு இன்றே ஆரம்பிக்கலாம்.

அதுவரையில் வாசகர்கள் தாங்களே செய்யக்கூடியது உண்டு. ‘ஃபுல் சர்விஸ்’ என்ற சொல்லை மறந்துவிட்டு, வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள், அதன் பிரதியில் கையொப்பம் கேளுங்கள், பழைய சாமான் கைக்கு வராமல் பணத்தைக் கட்டாதீர்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முறைப்பாட்டை எழுத்து மூலம், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு அனுப்ப வேண்டும். அச்சபையின் தொலைபேசி இலக்கம் 1977.