ஸ்டேஷன் என்ன கர்ப்பக்கிரகமா?

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மனிதனிடம் "உன்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் என்ன செய்கின்றான்? எதற்காகக் கூப்பிடுகின்றார்கள் என்று கேட்கின்றானா? எழுத்து மூலமான நோட்டீசு எங்கே என்று கேட்கின்றானா? இல்லவே இல்லை. தோள் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைத் தேடி ஓடுகின்றான். அவர் மூலம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாசலிலே செருப்பைக் கழற்றி வைத்து, உள்ளே போய்க் கைகட்டி நிற்கின்றான். கோவிலுக்குப் போகின்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அங்கேயும் தரகர், தட்சணை; இங்கேயும் தரகர், தட்சணை. சாமியாவது அடிப்பதில்லை.

இந்தப் பயம் இரத்தத்தில் ஊறியதென்று சிலர் சொல்லுகின்றார்கள். அது பொய். சட்டம் போட்டு ஊட்டி வளர்த்த பயம் இது. 1914இல் மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, பிறமலைக் கள்ளர் வகுப்பார்மீது வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தவர்களும் தப்பவில்லை. ஆண்பிள்ளை என்றால் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். அவன் செய்த குற்றமென்ன? அந்த வகுப்பிலே பிறந்ததுதான். பிறவியினாலேயே ஒருவன் தாழ்ந்தவன் என்று சாஸ்திரம் சொல்லிற்று. பிறவியினாலேயே ஒருவன் திருடன் என்று சர்க்கார் சொல்லிற்று. இரண்டும் ஒரே மூளையில் பிறந்த பிள்ளைகள் அல்லவா? ரேகை கொடுக்க மாட்டோம் என்று சொன்ன குற்றத்துக்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ஒரு பெண் உள்பட பலர் மாண்டார்கள். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். "ரோசாப்பூ துரை" என்று அவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1947இல் சென்னை சர்க்கார் அச்சட்டத்தை ரத்துச் செய்தது வாஸ்தவம். ஆனால் மறு வருஷமே, வழக்கமாகக் குற்றம் செய்கின்றவர்களைக் கட்டுப்படுத்துவதென்று வேறொரு சட்டம் வந்துவிட்டது. ரேகைப் புஸ்தகம் போயிற்று. புஸ்தகத்துக்குப் பயந்த புத்தி போகவில்லை.

நிற்க, இன்றையச் சட்டம் என்ன சொல்லுகின்றது? 2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக "பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா" என்று வாயில் நுழையாத வடமொழிப் பெயரில் ஒன்று நடக்கின்றது. பெயரே நமக்குப் புரியக்கூடாதென்று வைத்தார்கள் போலும்! உள்ளே இருப்பதையாவது புரிந்து கொள்ளுவோம். சாட்சி விசாரணைக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் எழுத்து மூலம் உத்திரவு வேண்டும் (179ஆவது பிரிவு). அதிலும் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும், 60 வயது தாண்டியவர்களையும் அவர்களிருக்கும் வீட்டிலேதான் விசாரிக்க வேண்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் (47). உறவினருக்கோ சிநேகிதருக்கோ தெரிவிக்க வேண்டும் (48). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம் (38). பிரயாண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும் (58). அரசியல் சட்டத்தின் 22ஆவது விதியும் இதையே சொல்லுகின்றது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை ரூபிக்கச் செல்லாது. அப்படியிருக்க, அடித்து வாங்குவது எதற்கு?

இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு போய் வரும் நம் பெண்களுக்கு முக்கியமான ஒன்று உண்டு. அங்கே ஓர் அக்கிரமம் நடந்து இங்கே புகார் கொடுக்க வந்தால், "அது எங்கள் எல்லையல்ல, கேரளாவில் போய்க் கொடு" என்று விரட்டுவார்கள். விரட்ட அதிகாரமில்லை. எங்கே நடந்த குற்றமானாலும், போலீசு நேரில் விசாரிக்கக் கூடியதாயிருந்தால், எந்த ஸ்டேஷனிலும் எழுதிக் கொள்ள வேண்டும். நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். மறுத்தால் போலீசு சூப்பரிண்டெண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் (173).

"இவ்வளவு சட்டமிருந்தும் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தகப்பனும் மகனும் சாகவில்லையா? 2025 ஜூனில் மடப்புரத்தில் கோவில் காவலாளி சாகவில்லையா?" என்று கேட்பீர்கள். செத்தார்கள். மடப்புரத்தில் நகை காணோமென்ற ஒரு புகாருக்காக ஓர் ஏழைப் பையன் அடிபட்டுச் செத்தபோது அவன் காவல் காத்த காளி என்ன செய்தாள்? சாத்தான்குளத்தில் அந்த இருவரும் மாஜிஸ்திரேட்டு ரிமாண்டு செய்தே ஜெயிலுக்குப் போனார்கள். ஆனால் நடந்தது வெளிவந்தது எப்படி? அதே ஸ்டேஷனிலிருந்த ஒரு பெண் ஏட்டு, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் கண்டதைச் சொன்னார். ஆகவே மாஜிஸ்திரேட்டு முன் நிற்கிறவன் தரையைப் பார்த்துக் கொண்டு நிற்பானேன்? "அடித்தார்கள், இங்கே காயம், டாக்டரிடம் அனுப்புங்கள்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டட்டுமே.

இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் திருடனுக்குத் தைரியம் வந்துவிடும் என்பார்கள். கைதேர்ந்த திருடனுக்கு வக்கீல் முன்னமே உண்டு. தெரியாதவன் தோட்டத்துக் கூலிக்காரன்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டால், ஸ்டேஷன் வாசலில் நின்று "நான் பேசி முடிக்கிறேன்" என்று இரண்டு பக்கமும் கை நீட்டும் பெரிய மனிதருக்கு வேலையில்லாமல் போய்விடும். கூச்சல் போடுகின்றவர் யாரென்று கவனித்துப் பாருங்கள்; பெரும்பாலும் அவராகவே இருப்பார்.